கைதட்டினர், கதவைத் திறக்கவில்லை!

1940-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, அம்பாசடர் என்னும் ஆடம்பர விடுதியிலே, ஆஸ்கார் பரிசளிப்பு விழா. விளக்குகள் ஒளி வீசுகின்றன; வைரங்கள் மின்னுகின்றன; படவுலகின் முடிசூடா மன்னர்களும் அரசிகளும் மேசைகளைச் சுற்றி அமர்ந்து விருந்துண்டு மகிழ்கின்றனர். மேடையிலே ஒரு பெயர் அறிவிக்கப்படுகிறது. கூடம் அதிரக் கையொலி! கூந்தலிலே வெண்மலர் சூடிய கருநிற மங்கை ஒருவர் எழுந்து மேடைக்கு வருகிறார். துணைப் பாத்திரமேற்றுச் சிறப்புற நடித்த நடிகைக்கான பரிசு அவருக்கு! தம் இனத்துக்கும் படத்தொழிலுக்கும் என்றென்றும் பெருமை தேடித் தருபவராகத் தாம் விளங்க வேண்டும் என்னும் ஆவலைச் சில சொற்களில் தெரிவிக்கிறார். உள்ளம் பொங்குகிறது, கண்கள் கலங்குகின்றன, பேச்சு நிற்கிறது.

மேடையை விட்டு இறங்குகிறார். எங்கே செல்கிறார்? அவரோடு ஒரே படத்தில் நடித்தோர் ஒரு மேசையிலே. அந்தப் படத்தை எடுத்த முதலாளியும் அதே மேசையிலே. அவருக்கோ சுவரோரமாகத் தனியே ஒரு சிறு மேசை! கருநிறத்தார்க்கு இடமில்லை என்பது அந்த விடுதியின் கட்டுப்பாடு. பரிசு பெறப் போகிறவரை வாயிலுக்குள்ளே விடுவதற்கே, படமுதலாளி டேவிட் செல்ஸ்னிக் விடுதிக்காரரிடம் தனிச் சலுகை கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கலைக்குக் கைதட்டல், கலைஞருக்குச் சுவரோரம்!

ஹாட்டி மெக்டானியல் என்பது அவர் பெயர். ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கருப்பினக் கலைஞர் அவர்.

அமெரிக்க நடிகை ஒருவரின் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். நடிகையரின் நகையைப் பற்றியும் நடையுடையைப் பற்றியும் எழுத வேறு ஏடுகள் உண்டு. நாம் அதற்காக எழுதுகோலை எடுக்கவில்லை. பிறப்பைக் காட்டி இழிவைச் சுமத்தும் கொடுமை எந்த மண்ணில் நடந்தாலும், அது நாம் படித்தறிய வேண்டிய பாடம். 1873-ஆம் ஆண்டிலேயே ஜோதிராவ் புலே, தமது 'குலாம்கிரி' என்னும் நூலை, கருப்பின மக்களின் அடிமைத் தளையை அறுக்க உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946-இலே அண்ணல் அம்பேத்கர், கருப்பினப் பேரறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்தம் மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். துன்பப்பட்டவன் துன்பப்பட்டவனைத் தேடிச் செல்வது இயல்பு. நாமும் செல்வோம்.

அமெரிக்காவிலே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, 1893 ஜூன் 10-ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் ஹாட்டி பிறந்தார். தந்தை ஹென்றியும் தாய் சூசனும் அடிமைகளாகவே பிறந்தவர்கள். சந்தைப் பொருளாக மதிக்கப்பட்டவர்கள். பதின்மூன்று குழந்தைகளில் ஹாட்டி கடைக்குட்டி. உள்நாட்டுப் போரிலே, அடிமை முறையைக் காத்து நின்ற தெற்கத்திப் படையை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர் ஹென்றி. நாட்டைக் காத்தவனுக்கு நாடு என்ன தந்தது? போரிலே உடல் நலிந்த அவர், ஓய்வூதியத்துக்காக நெடுங்காலம் மனுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குடும்பம் வறுமையோடு மல்லாடியது. கான்சாஸை விட்டுக் கொலராடோ மாநிலம் சென்று, டென்வர் நகரிலே குடியேறியது.

அந்த நகரத்துப் பள்ளியிலே பயின்ற காலத்திலேயே ஹாட்டியின் திறமை வெளிப்பட்டது. 1910-இல், மதுவிலக்குக்காகப் பாடுபட்ட மாதர் சங்கம் ஒன்று நடத்திய போட்டியிலே, பாட்டொன்றை உணர்ச்சி ததும்ப ஒப்பித்துப் பதக்கம் பெற்றார். அண்ணன்மாரும் அக்காமாரும் ஆடல் பாடலில் வல்லவர்கள். படிப்பை விட்டார்; மேடையைத் தொட்டார்.

ஆனால் எத்தகைய மேடை அது? 'மின்ஸ்ட்ரல்' எனப்படும் கூத்து, 19-ஆம் நூற்றாண்டு முதலே அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. வெள்ளையர், எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கருப்பர் போலப் பேசி, கருப்பர் போல ஆடி, கருப்பன் என்றால் மூடன், சோம்பேறி, திருடன் என்று காட்டிச் சிரிப்பு மூட்டும் கூத்து! பிற்பாடு கருப்பர்களே மேடையேறினர். அவர்களும் தங்கள் கருத்த முகத்திலே மேலும் கரி பூசிக்கொண்டுதான் ஆட வேண்டும். தன்னையே இழித்துக் காட்டினால்தான் தனக்குச் சோறு! இதனினும் கொடிய தண்டனையை எந்த மன்னன் விதித்தான்?

ஹாட்டி அந்தக் கூத்திலேயே ஒரு குறும்பைச் செய்தார். 1914-இல், தமக்கை எட்டாவுடன் சேர்ந்து, பெண்களே நடத்தும் குழுவொன்றைத் தொடங்கினார். அந்த மேடையிலே அவர் பணிப்பெண்ணாக வேடமிட்டார். ஆனால், வெள்ளையர் தம் கற்பனையிலே படைத்து வைத்திருந்த பணிப்பெண்ணைக் கேலி செய்யும் வேடம் அது. டென்வர் நகரத்துக் கருப்பின மக்கள் அதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். வெள்ளையன் தம்மைப் பார்த்துச் சிரித்ததுபோக, வெள்ளையனின் கற்பனையைப் பார்த்து அவர்கள் சிரித்தனர்.

அந்தக் கற்பனைப் பணிப்பெண்ணுக்கு 'மேமி' என்று பெயர். அவளைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்தாலன்றி ஹாட்டியின் கதை விளங்காது. பருத்த உடல், தலையிலே முண்டாசு, முகத்திலே மாறாத புன்னகை. எசமானின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளினும் மேலாக வளர்ப்பாள். தனக்கென்று வீடு வேண்டாள், விடுதலையும் வேண்டாள். அடிமையாக இருப்பதிலே அவளுக்கு ஆனந்தம்! அடிமை முறையை நடத்தியவர்கள், அது கொடுமையன்று, அன்பான குடும்ப வாழ்வு என்று உலகை நம்ப வைக்க ஆக்கிக்கொண்ட பொம்மை அவள். மெய்யான அடிமைத் தாயோ, தன் மடியிலிருந்த குழந்தை சந்தையிலே விலை கூறப்படுவதைக் கண்டு கதறியவள். அந்தக் கதறலை மறைக்க இந்தப் புன்னகை!

இந்தப் பொம்மைக்குச் சிலை வைக்கவும் துணிந்தார்கள். தெற்கத்தி மாதர் சங்கத்தார், 'விசுவாசமுள்ள மேமி'களுக்கு வாஷிங்டன் தலைநகரிலே நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டுமென்றனர். 1923-இல் அமெரிக்கச் செனட் சபை அதற்கு ஒப்புதலும் தந்தது. அதே செனட் சபையிலே, ஓராண்டுக்கு முன்னர், 1922-இல் நடந்ததென்ன? கருப்பரைக் கும்பல் கூடி மரத்திலே தூக்கிலிடும் கொடுமையைத் தடுக்க வந்த சட்ட முன்வடிவை, தெற்கத்தி உறுப்பினர்கள் முடிவு காண விடாமல் முடக்கிச் சாகடித்தனர். உயிரோடு இருக்கும் கருப்பனைக் காக்கச் சட்டம் கிடையாது. கற்பனைக் கருப்பிக்குக் கல்லிலே சிலை! கருப்பினப் பெண்கள் நாடெங்கும் கொதித்தெழுந்து எதிர்த்தனர். பிரதிநிதிகள் சபையிலே அந்தத் திட்டம் நிறைவேறாமலே கிடந்து மடிந்தது.

கல்லிலே நிற்க முடியாத மேமி, திரையிலே நின்றாள். அந்த வேடத்தைத் தாங்கும்படி காலம் ஹாட்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பார்ப்போம்.

1920-களிலே அவர் பாடகியாக ஊர் ஊராகச் சென்றார். டென்வர் வானொலியிலே பாடினார். தாமே எழுதிய பாடல்களை இசைத்தட்டுகளிலே பதிவு செய்தார். 1929-இலே பங்குச் சந்தை சரிந்தது. செல்வனுக்கு நட்டம், ஏழைக்குப் பட்டினி. மில்வாக்கி நகரத்து இரவு விடுதி ஒன்றிலே அவருக்குக் கிடைத்த வேலை, பெண்கள் கழிப்பறையிலே நின்று துண்டெடுத்துக் கொடுப்பது! மேடையிலே வெள்ளைக் கலைஞர்கள், கழிப்பறையிலே ஹாட்டி. ஒருநாள் பாட வாய்ப்புத் தந்தனர். பாடினார், கேட்டோர் அசந்தனர், துண்டெடுத்துக் கொடுத்தவர் மேடைக்கு உரியவரானார்.

1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அண்ணன் சாம் அங்கே வானொலிக் கலைஞர்; அவர் வழியே ஹாட்டிக்கும் வானொலியில் இடம் கிடைத்தது. பேர் பரவியது, பை நிறையவில்லை. வானொலியிலே பணிப்பெண்ணாக நடித்துவிட்டு, வயிற்றுக்காக வீடுகளிலே பணிப்பெண்ணாகவே வேலையும் பார்த்தார். எது நடிப்பு, எது வாழ்வு என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை!

1932-இலே திரையில் தோன்றத் தொடங்கினார். எத்தனையோ படங்கள், பலவற்றிலே பெயர் கூடப் போடவில்லை. கதவைத் திறப்பார், தட்டை ஏந்துவார், மறைவார். 1934-இல் ஜான் போர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்திலே, புகழ்பெற்ற வில் ரோஜர்சுடன் சேர்ந்து பாடினார். 1935-இல் 'ஆலிஸ் ஆடம்ஸ்' வந்தது. நடுத்தரக் குடும்பமொன்று, செல்வனான விருந்தாளியின் முன்னே தன்னைப் பணக்காரக் குடும்பமாகக் காட்டிக்கொள்ள, ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்கு அமர்த்தும் பணிப்பெண் வேடம் அவருக்கு. பகட்டு எசமானியரின் பொய்யை, வாய் திறவாமல், அலுப்பு நிறைந்த பார்வையாலும் ஆடி அசைந்த நடையாலும் அவர் அம்பலப்படுத்தினார். எசமானரை மதியாத பணிப்பெண்ணா என்று தெற்கத்தி வெள்ளையர் சிலர் முகஞ்சுளித்தனர். முகஞ்சுளிக்கும்படி நடித்ததுதான் அவர் திறமை. 1936-இல் 'ஷோ போட்' படத்திலே, உரிமைப் போர்முரசான பால் ராப்சனுடன் நடித்தார், பாடினார்.

அதே 1936-இல்தான் மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' என்னும் புதினம் வெளிவந்தது. காற்றோடு போனது என்பது அப்பெயரின் பொருள். போனது எது? அடிமைகளை வைத்து ஆண்ட தெற்கத்திப் பிரபுக்களின் வாழ்வு! அது போயிற்றே என்று கண்ணீர் வடித்த கதை அது. அதைச் செல்ஸ்னிக் படமாக்கினார். கருப்பின மக்களின் ஏடுகளும் இயக்கங்களும் கண்டனக் குரல் எழுப்பின. அதன் விளைவாக, கருப்பரை இழித்துரைக்கும் ஒரு வசைச்சொல் படத்திலே இடம்பெறாமல் நீக்கப்பட்டது. வசை நீங்கியது, கதையின் விஷம் நீங்கவில்லை.

அந்தப் படத்தில் ஹாட்டி ஏற்ற வேடத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மேமி'! அவ்வளவுதான். படம் முழுதும் உலவுகிறாள், எசமானியை அதட்டுகிறாள், அழுகிறாள், குடும்பத்தைத் தாங்கி நிற்கிறாள், ஆனால் அவளுக்கென்று ஒரு பெயரில்லை. தாய் தந்தை யார், கணவன் பிள்ளைகள் உண்டா, யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட வெற்றுப் பொம்மைக்குள்ளே ஹாட்டி ஓர் உயிரைப் புகுத்தினார். எசமானியின் குழந்தை இறந்த துயரத்தை, மாடிப்படி ஏறிக்கொண்டே கண்ணீரோடு அவர் விவரிக்கும் காட்சியைக் கண்டோர், கதையின் பொய்மையையும் மறந்து, நடிப்பின் மெய்மைக்குத் தலைவணங்கினர். அக்காட்சியைக் கண்டு கலங்காதார் அரிது.

1939 டிசம்பர் 15-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரிலே படத்தின் முதற்காட்சி. ஊரே திருவிழாக் கோலம். கதாநாயகன் வந்தார், கதாநாயகி வந்தார். ஹாட்டி வரவில்லை, வரமுடியாது! கருப்பர் வெள்ளையரோடு சரிசமமாக உட்காரலாகாது என்பது அம்மாநிலச் சட்டம். அவர் நடித்த படத்தை, அவர் அமர்ந்து பார்க்க அங்கே இருக்கையில்லை. முதல்நாள் இரவு பிரபுக்களின் சீமாட்டிகள் நடத்திய நடன விருந்திலே, எபனேசர் திருச்சபையின் கருப்பினப் பாடகர் குழு, அடிமைகள் போல உடையணிவிக்கப்பட்டுப் பாட நிறுத்தப்பட்டது. அந்தக் குழுவிலே பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்! அந்தக் கோலத்தில் நின்ற சிறுவன்தான், 1955-இல் மாண்ட்கோமரி நகரிலே, பேருந்தில் பின்னிருக்கைக்குத் தள்ளும் இழிவை எதிர்த்துக் கிளர்ந்த மக்களுக்குத் தலைமை தாங்கினான். வேடமிட்டு நிறுத்திய சீமாட்டிகள் அதைக் கண்டார்களா?

இரண்டு மாதம் சென்று ஆஸ்கார் பரிசு வந்தது. அந்தப் படம் பெற்ற பரிசுகள் எட்டு. அதில் ஒன்று ஹாட்டியின் பரிசு. அதே படத்திலே எசமானி வீட்டு உறவினளாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டும் அதே பரிசுக்குப் போட்டியிட்டார், பணிப்பெண் வென்றார். இனி ஹாட்டிக்கு விதவிதமான வேடங்கள் குவியும் என்று யாரும் எண்ணியிருந்தால், அவர்கள் ஆதிக்கத்தின் இயல்பை அறியாதவர்கள். பரிசு பெற்ற பின்னரும் அதே முண்டாசு, அதே முன்றானைத் துணி, அதே தட்டு! 1942-இல் வந்த 'இன் திஸ் அவர் லைப்' படத்திலே மட்டும், செய்யாத குற்றம் சுமத்தப்பட்ட மகனுக்காக உள்ளங்குமுறும் தாயாக, கருப்பின மக்களின் மெய்யான துயரைச் சிறிதளவு காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. அதிலும் அவர் பணிப்பெண்தான்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. கருப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்ட்டர் ஒயிட், 1942-இல் ஹாலிவுட்டுக்கே வந்து படமுதலாளிகளைச் சந்தித்தார். எங்கள் மக்களை எப்போதும் எடுபிடிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டாதீர்கள் என்று வாதாடினார். நியாயமான வாதம்! கோடிக்கணக்கான மக்கள் காணும் திரையிலே, ஓர் இனம் எப்போதும் தட்டேந்தி நிற்குமானால், அந்த இனத்துப் பிள்ளை தட்டேந்தத்தான் தான் பிறந்ததாக எண்ணாதா? மற்ற இனத்துப் பிள்ளை தட்டை வாங்கத்தான் தான் பிறந்ததாக எண்ணாதா?

ஹாட்டியின் மறுமொழி வேறு. எங்களைக் கலந்து பேசாமல் எங்கள் பிழைப்பைப் பற்றி முதலாளிகளிடம் பேசுகிறார்களே என்று அவரும் அவர் போன்ற நடிகர்களும் மனம் நொந்தனர். வாரத்துக்கு ஏழு டாலர் வாங்கிக்கொண்டு பணிப்பெண்ணாக இருப்பதைவிட, எழுநூறு டாலர் வாங்கிக்கொண்டு பணிப்பெண்ணாக நடிப்பது மேல் என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். கழிப்பறையிலே துண்டெடுத்துக் கொடுத்தவர் வாயிலிருந்து வரும் இந்தச் சொல்லை, வயிறு நிறைந்தவர் எளிதிலே பழிக்கலாம், நாம் பழிக்கமாட்டோம். ஆனால் இதையே முடிந்த முடிபென்று கொள்ளவும் மாட்டோம். தனியொருவரின் வயிற்றுக்கு இது மறுமொழி. ஓர் இனத்தின் மானத்துக்கு இது மறுமொழியாகாது.

வேறு வழி நடந்தோரும் இருந்தனர். அழகும் இசையும் வாய்ந்த லீனா ஹார்ன், பணிப்பெண் வேடம் ஏற்பதில்லை என்னும் உறுதியோடு 1942-இல் பெரியதொரு படநிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் என்ன செய்தது? கதையோடு ஒட்டாமல் அவரைத் தனியே பாட விட்டது. தெற்கே படம் ஓடும்போது அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெறிய வசதியாக! ஒருவருக்கு வேடம் கொடுத்து இழிவு செய்தனர்; மற்றவருக்கு வேடமே கொடாமல் இழிவு செய்தனர். லீனா வந்ததால் தங்கள் பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய நடிகர்கள் அவரைச் சாடியபோது, ஹாட்டி அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்து அன்போடு ஆறுதல் கூறினார். பால் ராப்சனோ, 1942-க்குப் பிறகு ஹாலிவுட் படங்களே வேண்டாம் என்று உதறினார், உரிமைக்குரல் எழுப்பினார், 1950-இலே அவருடைய கடவுச்சீட்டையே அரசு பறித்துக்கொண்டது. குனிந்தவருக்கும் சுவர், நிமிர்ந்தவருக்கும் சுவர். ஆகவே, குற்றம் குனிந்தவரிடமா நிமிர்ந்தவரிடமா என்று தமக்குள் வழக்காடுவதற்கு முன்னர், சுவரை எழுப்பியவனைக் காண வேண்டாமா?

அந்தச் சுவரின்மீது ஹாட்டியே ஒருமுறை மோதினார். திரையிலே காணாத ஹாட்டியை அப்போது உலகம் கண்டது.

நடித்துச் சேர்த்த பணத்திலே, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்னும் மேட்டுக்குடிப் பகுதியிலே, பெரியதோர் இல்லம் வாங்கிக் குடியேறினார். கருப்பினத்து மருத்துவர்களும் வணிகர்களும் கலைஞர்களும் அங்கே வீடு வாங்கினர். 'சுகர் ஹில்', சர்க்கரைக் குன்று, என்று அப்பகுதிக்குச் செல்லப்பெயர் வழங்கிற்று. சர்க்கரை வெள்ளையர் சிலருக்குக் கசந்தது. அந்தப் பகுதியின் மனைப் பத்திரங்களிலே பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. வெள்ளையரல்லாதார்க்கு வீட்டை விற்கக்கூடாது, குடியிருக்க விடக்கூடாது என்று! அந்தக் கட்டுப்பாட்டைக் காட்டி, கருப்பரை வெளியேற்ற வேண்டுமென்று வழக்குத் தொடுத்தனர். சமையற்கட்டிலே கருப்பி நிற்கலாம். அடுத்த வீட்டிலே நிற்கலாகாது! நம் குழந்தையை அவள் எடுத்து வளர்க்கலாம். நம் தெருவிலே அவள் தன் பெயரில் வீடு வைத்துக்கொள்ளலாகாது! இதுதான் நிறவெறியின் நியாயம்.

ஹாட்டி அஞ்சவில்லை. அக்கம்பக்கத்துக் கருப்பினத்தாரைத் தம் இல்லத்திலே கூட்டினார். சனிக்கிழமைதோறும் ஆலோசனை நடந்தது. கருப்பின வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் வழக்கு நடந்த நாளன்று, இருநூற்றைம்பது பேரளவில் ஆதரவாளரைத் திரட்டிக்கொண்டு வழக்கு மன்றம் சென்றார் ஹாட்டி. நீதிபதி தர்மண்ட் கிளார்க் நேரிலே சென்று அந்தப் பகுதியைப் பார்வையிட்டார். மறுநாள் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் கருப்பின மக்களுக்கு உறுதி கூறிய உரிமைகளை, ஒளிவுமறைவோ ஒதுக்கலோ இன்றி முழுமையாக வழங்கக் காலம் வந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். அந்தத் திருத்தம் 1868-இல் எழுதப்பட்டது. ஏட்டிலே எழுதி 77 ஆண்டுகள்! ஏட்டிலிருப்பதை நாட்டிலே நடத்தச் சொல்லி ஒரு பணிப்பெண் வேடக்காரி வழக்கு மன்றம் ஏற வேண்டியிருந்தது. 1948-இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றமே, இத்தகைய மனைக் கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளிலும் லோரன் மில்லரின் வாதம் ஒலித்தது.

கவனியுங்கள், தோழர்களே! ஆஸ்கார் பரிசு ஹாட்டிக்குத் தந்தது ஒரு பட்டயம். அவரோடு மற்றொருவர் அந்த விடுதியிலே நுழைய அது உதவவில்லை. சுகர் ஹில் வழக்கு அவருக்குத் தந்தது ஒரு வீடு. அவரோடு பல்லாயிரவர் தலைநிமிர்ந்து வீடு வாங்க அது வழி கோலிற்று. முன்னது அவர்கள் மனமிரங்கி அளித்தது. பின்னது இவர்கள் திரண்டு பெற்றது. அளித்ததற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வழக்கிலே பெற்ற துணிவு கலையிலும் தெரிந்தது. வானொலியிலே 'பியூலா' என்னும் பணிப்பெண்ணின் தொடர் ஒன்று நடந்து வந்தது. கருப்பினப் பெண்ணான அந்தப் பியூலாவுக்குக் குரல் கொடுத்தவர் யார்? ஒரு வெள்ளை ஆண்! அவர் மறைந்த பின் வந்தவரும் வெள்ளை ஆணே! 1947-இல் அந்த வேடம் ஹாட்டிக்கு வந்தது. வானொலித் தொடரொன்றின் தலைமைப் பாத்திரமேற்ற முதல் கருப்பினப் பெண்மணி ஆனார். கருப்பர் என்றால் கொச்சையாகத்தான் பேசுவர் என்னும்படி எழுதப்படும் மொழியைத் தாம் பேசுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். வேடம் மாறவில்லை, நா விடுதலை பெற்றது.

1951-இலே தொலைக்காட்சியிலும் பியூலாவாக நடிக்கத் தொடங்கிய வேளையில் நோய் அவரைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய்! 1952 அக்டோபர் 26-ஆம் நாள், தமது 59-ஆம் வயதில் மறைந்தார். இறுதி விருப்பத்தை எழுதி வைத்திருந்தார். வெண்ணிறப் பேழை வேண்டும். கூந்தலிலே வெண்மலர் வேண்டும். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்திலே, தம்மோடு தொழில் செய்த கலைஞர்களுக்கு நடுவே துயில வேண்டும் என்று.

சாவிலே எல்லோரும் சமம் என்பார்கள் வேதாந்திகள். அந்தச் சமத்துவத்தைக் கல்லறைத் தோட்டத்தார் அறியவில்லை போலும்! வெள்ளையருக்கு மட்டுமே இங்கு இடம் என்று கதவை அடைத்தனர். முந்நூறு படமளவு நடித்து அந்த ஊருக்குப் பொருளும் புகழும் சேர்த்தவரின் உடலுக்கு, அந்த ஊரிலே ஆறடி மண்ணில்லை! எல்லா இனத்தாரையும் ஏற்றுக்கொண்ட ரோஸ்டேல் கல்லறைத் தோட்டம் அவரைத் தாங்கிற்று. அவர் விட்டுச் சென்ற சொத்தைவிட வரிக் கடன் மிகுதி. பரிசுப் பட்டயத்தையோ, கருப்பின மாணவர் பயிலும் ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதியிருந்தார். தாம் பெற்ற பெருமையைக் கல்விக்கூடத்திலே வைத்தார், தம் இனத்துப் பிள்ளைகள் காணட்டும் என்று.

பிறகு காலம் நகர்ந்தது. சுகர் ஹில்லின் ஊடே நெடுஞ்சாலை பாய்ந்தது. போராடிக் காத்த வீடுகள் பலவற்றை அரசின் இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. பட்டயம் பல்கலைக்கழகத்திலிருந்து காணாமற் போயிற்று. ஹாட்டிக்குப் பின் மற்றொரு கருப்பின நடிகை, ஊப்பி கோல்ட்பர்க், ஆஸ்கார் பெற்றது 1991-இல்! இடையிலே ஐம்பத்தோர் ஆண்டுகள். ஒருவருக்குப் பரிசு தந்துவிட்டோம், எங்களிடம் ஓரவஞ்சனை ஏது என்று கேட்போர்க்கு இந்த ஐம்பத்தோர் ஆண்டே மறுமொழி.

1999-இல் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தின் புதிய உரிமையாளர், பழைய தவற்றைத் திருத்த முன்வந்தார். அவர் உடலை இங்கே கொணரலாம் என்றார். உறவினர் இசையவில்லை. துயில்பவரை எழுப்ப வேண்டாம் என்றனர். நினைவுக்கல் ஒன்று மட்டும் அங்கே நாட்டப்பட்டது. 2006-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளிவந்தது. 2010-இல் துணை நடிகைக்கான பரிசு பெற்ற மோனிக், ஹாட்டி சூடிய அதே வெண்மலரைச் சூடி மேடையேறி, அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். 2023-இல், காணாமற் போன பட்டயத்துக்கு ஈடாக மற்றொன்றை, ஆஸ்கார் கழகத்தார் ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர்.

இவையெல்லாம் நல்லவையே; வரவேற்கிறோம். எனினும், உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி, இறந்தபோது ஆறடி நிலம் – இவ்விரண்டைத்தான் அவர் கேட்டார். அவை மறுக்கப்பட்ட பின் வந்த கல்லும் அஞ்சல் தலையும், மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டும் வட்டியே தவிர, அவர் கைக்கு வந்த முதல் அல்ல.

ஹாட்டி மெக்டானியலை வீராங்கனை என்று வானளாவப் புகழவும் நாம் விரும்பவில்லை; எடுபிடி வேடமேற்றவர் என்று எள்ளி நகையாடவும் ஒப்பமாட்டோம். அடைபட்ட அறையிலே நின்று, கையெட்டிய மட்டும் சாளரத்தைத் திறந்தவர் அவர். மேடையிலே அவர் வென்றபோது கைதட்டினார்கள். அந்தக் கைகள் ஒரு கதவையும் திறக்கவில்லை. வழக்கு மன்றத்திலே வென்றபோது யாரும் மலர் தூவவில்லை. அந்த நாளிலேதான் கதவு அசைந்தது. நம்மைப் பாராட்டுவோர் எங்கேனும் கிடைத்தால், அவர்தம் கையொலியைக் கேட்டு மயங்கிவிடாமல், அதே கைகள் தாழ்ப்பாளை நீக்குகின்றனவா என்று பார்ப்போம்.